பூட்டிய காருக்குள் மீன் வாடை!

காரின் கண்ணாடியில் உள்பக்கமாக ஒரு கை ஒட்டிக் கொண்டிருந்தது.

ஐந்து விரல்களிலும் ரத்தம்!

கைக்குச் சொந்தக்காரர் பொன்னுலிங்கம். வயது அறுபத்து மூன்று. புதுக்கடை ஊருக்கு மேற்கே ஆறு ஏக்கர் ரப்பர்த் தோட்டம், அதற்கு நடுவே மாடி வீடு, இந்த வெள்ளைக் கார் எல்லாவற்றுக்கும் அவர்தான் உரிமையாளர்... இன்று மதியம் வரைக்கும்.

வீட்டின் பின்பக்கம், ரப்பர் ஷீட் காயப் போடும் முற்றம். மர நிழல் என்று பெயருக்குக்கூட ஒன்று கிடையாது. சித்திரை வெயிலில் நான்கு கதவுகளும் பூட்டிய காருக்குள் அவர் வெந்து போயிருந்தார்.

ஒன்றே கால் மணிக்குப் பார்த்தவன் மருமகன் அபிலாஷ். கல்லை எடுத்துக் கண்ணாடியை உடைத்தான். பிரயோஜனம் இல்லை!

உடல் ஆம்புலன்சில் போன பிறகு, இரண்டேகால் மணிக்கு பெனிட்டோவை ஜீப்பிலிருந்து இறக்கினார்கள். இறக்கினார்கள் என்பது மரியாதைக்கு. தள்ளினார்கள்!

பெனிட்டோ கடலோர இனயத்துக்காரன். வயது முப்பத்திரண்டு. கருங்கல் ஊர்ச் சந்தைக்குப் பின்னால் கார் எலக்ட்ரிகல் ஒர்க்‌ஷாப். கையில் ஸ்கேனர் பெட்டி. முகத்தில் ரத்தமே இல்லை.

"நீதான் இந்தக் காருக்கு வேல செஞ்சவனா?" இன்ஸ்பெக்டர் சுயம்புராஜ் மீசையைத் தடவினார்.

"ஆமா சார்... திங்கக்கெழம..."

"என்ன கம்ப்ளெயின்ட்?"

"கதவு தானா பூட்டுதுன்னு அண்ணாச்சி சொன்னாரு சார். டோர் சுவிட்ச மாத்தினேன். பூட்டுறது நின்னுட்டு."

"நின்னுட்டா? போய் ஆஸ்பத்திரியில கேட்டுப் பாரு. நின்னது பூட்டு இல்லடே... அவருக்க நெஞ்சு!"

பெனிட்டோ ஸ்கேனர் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக் கொண்டான்.

"அவனுக்கிட்ட என்ன சார் பேச்சு!" அபிலாஷ் பாய்ந்து வந்தான். இருபத்தெட்டு வயது. மனைவி, பொன்னுலிங்கத்தின் மகள் அஞ்சு, குவைத்தில் நர்ஸ். இவன் மாமனார் வீட்டில் மாப்பிள்ளை. "காரை வெயில்ல காய விட்டிருந்தாரு மாமா. கதவத் தொறந்து உள்ள ஏறியிருக்காரு. சாவி வீட்டுக்குள்ள ஆணியில தொங்குது... செல் சார்ஜ்ல கெடக்குது... காரு தானா பூட்டிட்டு சார்! இவன் செஞ்ச வேலை! இவனைத் தூக்கி உள்ள போடுங்க!"

கேட்டுக்கு வெளியே கூட்டம் சேர்ந்திருந்தது.

"அவன எங்கக்கிட்ட விடுங்க சாரே! நாங்க ரிப்பேர் பாத்துக்கிடுதோம்!"

கான்ஸ்டபிள் நேசையன் லத்தியோடு கேட்டில் போய் நின்றார். ஆணியில் தொங்கிய சாவி உறைக்குள் போடப்பட்டு, ரோட்டில் நின்ற ஜீப்பில் பத்திரமாக இருந்தது.

"உள்ளேருந்து கைப்பிடிய இழுத்தா தொறக்காதா?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"சாதாரணமா தொறக்கும் சார். இதுல டபுள் லாக் உண்டு. ரிமோட்ட ரெண்டு தடவ அமுக்கினா கைப்பிடியும் செத்துரும். கள்ளனுக்காக வச்சதாக்கும். ஆள் உள்ள இருக்கும்போ அமுக்கப்பிடாதுன்னு அன்னைக்கே இந்த முற்றத்துல நின்னு அண்ணாச்சிக்கிட்ட பறஞ்சேன் சார். அம்மாகூட கட்டன் சாயா கொண்டு தந்தாங்க..."

அம்மா, ஓமனா. பொன்னுலிங்கத்தின் மனைவி. அடுக்களை வாசலில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. வலது கையில் மணிக்கட்டு வரை தடிமனாகத் துணிக்கட்டு.

"கை என்னம்மா?"

"கஞ்சி வடிச்சப்போ சுட்டுட்டு சாரே."

இன்ஸ்பெக்டர் பெனிட்டோ பக்கம் திரும்பினார். "மூணு மணிக்கு டி.எஸ்.பி. வாறாரு. அதுக்குள்ள இந்தக் காரு ஏன் பூட்டிச்சுன்னு நீ சொல்லணும். இல்லேன்னா நான் சொல்லிருவேன்... எப்.ஐ.ஆர்.ல!"

நாற்பது நிமிடம்!

பெனிட்டோ ஸ்டீயரிங்குக்கு அடியில் ஸ்கேனரைச் சொருகினான்.

திரை சுற்றியது... சுற்றியது...

'பி.சி.எம். பதில் இல்லை.'

பி.சி.எம். என்பது ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி. பூட்டு, கண்ணாடி, ஹாரன், விளக்கு எல்லாம் அது சொல்வதைத்தான் கேட்கும். அதுவே வாயை மூடிக் கொண்டால் கார் வெறும் தகரம்!

"என்னடே... பேச மாட்டேங்குதா?"

"கொறச்சு நேரம் சார்..."

ஹாரனை அமுக்கினான். சத்தமில்லை. பெனிட்டோ மறுபடியும் அமுக்கிப் பார்த்தான். உள்ளே கிடந்த மனுஷன் எத்தனை தடவை இதை அமுக்கியிருப்பார்!

அப்போதுதான் அந்த வாடை மூக்கில் ஏறியது.

மீன் வாடை!

திங்கட்கிழமையும் இதே வாடை அடித்தது. அவனுக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. அன்று காலையில்தான் இனயத்திலிருந்து அக்கா வீட்டுக்கு மீன் கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்திருந்தான். வாடை தன் சட்டையில்தான் என்று நினைத்து விட்டான். கருங்கலில் படித்த நாளில், 'கடப்புறத்தான் வந்தாச்சுலே' என்று மூக்கைப் பொத்திய பையன்களை அவன் இன்னும் மறக்கவில்லை. சுத்த சைவக்காரர் வீட்டில் போய், 'உங்க கார்ல மீன் நாறுது' என்று எந்த வாயால் சொல்வது? சென்ட்டை அடித்தான். கதவைச் சாத்தினான். கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்க்கவில்லை!

அந்த வெட்கம் ஒரு உயிரை வாங்கி விட்டதா?

இடப்பக்க சீட்டுக்கு முன்னால் கிடந்த கார்ப்பெட்டைப் பிய்த்துத் தூக்கினான்.

"மாதாவே!"

அடியில் கலங்கிய தண்ணீர். உப்புப் பூத்த ஒயர்கள். பி.சி.எம். பெட்டியின் கீழ் கனெக்டர் முழுக்கப் பச்சைக் களிம்பு. அதன் மேல் நகக்கண் அளவில் வெள்ளி வெள்ளியாக...

மீன் செதிள்!

"பாத்தீங்களா சார்!" அபிலாஷ் கத்தினான். ஆனால் குரல் உடைந்திருந்தது. "உள்ள அழுகிக் கெடக்கு! இதப் பாக்காமத்தான் வண்டிய விட்டிருக்கான்! ஒயர் ஷார்ட் ஆயி பூட்டிருக்கு!"

இன்ஸ்பெக்டர் நேசையனிடம் சொன்னார். "விலங்க எடும்."

"சார்! ஒரு பத்து நிமிசம்! ஒங்க காலப் பிடிக்கேன் சார்!" பெனிட்டோ உண்மையாகவே குனிந்து விட்டான். கண்ணில் நீர் முட்டியது. "நான் கார்ப்பெட்டத் தூக்காதது தப்புதான். அதுக்கு என்ன தண்டன குடுத்தாலும் வாங்கிக்கிடுதேன். ஆனா பூட்டினது காரா, மனுசனான்னு எனக்குத் தெரியணும் சார்... இல்லேன்னா நான் சாகுற வரைக்கும் ஒறங்க மாட்டேன்!"

இன்ஸ்பெக்டர் வாட்சைப் பார்த்தார். "பத்து நிமிசம். பதினொண்ணாவது நிமிசம் எனக்கது."

பல் தேய்க்கும் பிரஷ். ஸ்பிரே. பெனிட்டோ கனெக்டரின் ஒவ்வொரு கம்பி முள்ளாகத் தேய்த்தான். வியர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. பேட்டரி ஒயரைக் கழற்றி மறுபடி மாட்டினான்.

காருக்குள் விளக்கு மினுக்கென்று எரிந்தது!

ஸ்கேனர் பேச ஆரம்பித்தது. பெனிட்டோ படித்தான். மறுபடியும் படித்தான்.

"சார்... ஹாரன் ஒயரும் கண்ணாடி ஒயரும் ஸ்கேனருக்குப் பதில் சொல்லுற ஒயரும் கீழ் கனெக்டர்ல. மூணையும் உப்பு தின்னுட்டு. ஆனா பூட்டு ஒயர் மேல் கனெக்டராக்கும். பாருங்க, ஒரு சொட்டு ஈரமில்ல. இது ஷார்ட் ஆகல சார்!"

"அப்போ?"

"பதினொண்ணு நாப்பத்தெட்டுக்கு ரிமோட்லேருந்து பூட்டச் சொல்லி உத்தரவு வந்திருக்கு. ஒரே செகண்டுல ரெண்டு தடவ. ஷார்ட்டுக்கு எண்ணத் தெரியாது சார்... நூறு தடவ கண்டபடி அடிக்கும். எண்ணி ரெண்டே தடவ அடிச்சா அது வெரலு!"

இன்ஸ்பெக்டர் குனிந்து ஸ்கேனர் திரையைப் பார்த்தார்.

"யாருக்க வெரலு?"

"அது கார்ல எழுதல. எந்தச் சாவின்னு எழுதியிருக்கு. ரெண்டாம் நம்பர் சாவி! திங்கக்கெழம அண்ணாச்சி எனக்குத் தந்த, ஆணியில தொங்கின சாவி ஒண்ணாம் நம்பர்."

"ரெண்டாவது சாவி ஆறு மாசம் முன்னாலயே தொலஞ்சு போச்சு சார்!" அபிலாஷ் அவசரமாகச் சொன்னான்.

"தொலஞ்ச சாவி மீன் வாங்கப் போகுமா?" பெனிட்டோ செல்லை எடுத்தான். இனயம் கடற்கரையில் மீன் விற்கும் சித்தி ஜெபமணிக்குப் போட்டு, ஸ்பீக்கரைத் திறந்தான்.

"ஏலே பெனிட்டோ! யாவார நேரத்துல எதுக்குலே விளிக்க?"

"சித்தி, வெள்ளக் கார்ல யாரும் அங்க மீனு வாங்க வருவாவளா? புதுக்கடப் பக்கம் உள்ளவுக?"

"நம்ம மாஸ்க் மாப்பிள்ளையா? புதங்கெழம தோறும் வருவானே! மூக்க மூடிக்கிட்டு நிப்பான், ஆனா பாக்குறது பூராவும் மீனயாக்கும்! ஐசோட கவர்ல போட்டு, முன்னால காலடியில வச்சிட்டுப் போவான். கவரு ஒழுகுதுன்னு நானும் சொல்லியாச்சு, கேட்டாத்தானே! வீட்டுல உள்ள பொம்பளைக்கு முட்டச் சாளதான் பிரியமாம்... பேரு என்னவோ அபிலாஷோ, விலாஷோ..."

பெனிட்டோ போனை அணைத்தான்.

அபிலாஷின் முகம் வெளிறிய வெளிறலில் மீசை தனியாகத் தெரிந்தது.

"சபாஷ் மாப்ளே!" இன்ஸ்பெக்டர் அவன் தோளில் கை போட்டார். "சைவ வீட்டுல சாள மீன் கடத்தலா? மாமனாருக்குத் தெரிஞ்சு போச்சு. வீட்ட விட்டு விரட்டுவேன்னாரு. நீ முந்திட்ட!"

"இல்ல சார்! மீனு வாங்கினது நான்தான்! சாவிய எடுத்து ஒளிச்சு வச்சதும் நான்தான்! ஆனா கொல்லல சார்... நான் பத்து மணிக்கே கருங்கலுக்குப் போயாச்சு..."

"அப்போ சாவி எங்க?"

அபிலாஷ் அடுக்களைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தான்.

"எங்கலே சாவி?"

"தெ... தெரியாது சார்."

"ஸ்டேஷன்ல ஞாபகம் வரும். நேசையன்!"

விலங்கு அபிலாஷின் மணிக்கட்டில் 'க்ளிக்'கென்று விழுந்தது.

"அவன விடுங்க!"

அடுக்களை வாசலிலிருந்து ஓமனா ஓடி வந்தாள். தலைமுடி அவிழ்ந்தது கூடத் தெரியாமல் முற்றத்தைக் கடந்து, காரை ஒட்டி வந்து, மருமகனின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"பாவம் சாரே அவன்! அவனுக்கு ஒண்ணும் தெரியாது!"

அந்த நொடி...

காரின் இரண்டு சைடு மிரர்களுக்கும் கீழே விளக்கு மெல்ல ஒளிர்ந்தது. உள் விளக்கும் கூடவே எரிந்தது!

இன்ஸ்பெக்டர் திடுக்கிட்டார். "என்னடே இது? மறுபடியும் ரிப்பேரா?"

பெனிட்டோ திரும்பினான். ஓமனாவைப் பார்த்தான். அந்தத் துணிக்கட்டைப் பார்த்தான்.

"ரிப்பேர் இல்ல சார்... இப்பத்தான் சரியாச்சு. சாவி பக்கத்துல வந்தா இந்தக் காரு விளக்குப் போட்டு வரவேற்கும்."

"சாவி ஜீப்புல இருக்கு..."

"அது ஒண்ணாம் நம்பர்."

எல்லோரும் அந்தத் துணிக்கட்டைத் திரும்பிப் பார்த்தார்கள். ஓமனா மட்டும் இரண்டடி பின்னால் போனாள். விளக்கு அணைந்தது. அவள் அதைப் பார்த்தாள். இனி ஓடுவதில் அர்த்தமில்லை என்பது போல நின்று, இடது கையால் வலது கைக்கட்டைத் தானே அவிழ்த்தாள்.

உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். அதற்கு நடுவில் கறுப்பாக ஒரு சாவி!

"கஞ்சி இல்ல சாரே..." அவள் குரல் நிதானமாக இருந்தது. "பன்னெண்டு வருசம் முன்ன அவருக்கு பைபாஸ். ஆபரேசன் அவருக்க நெஞ்சுல... பத்தியம் எனக்க நாக்குல! வீட்டுக்குள்ள மீனுன்னு பேச்சு எடுத்தாலே அடி. எனக்க அப்பன் வீட்டுல மீனில்லாம ஒரு நேரம் சோறு எறங்காது. இந்தப் பய, நான் மீனுக்கு ஏங்கிக் கொதிச்சதப் பாத்து மனசு எளகி, ஒளிச்சு வாங்கிட்டு வந்து தருவான். நேத்து சட்டியோட பிடிச்சிட்டாரு. கொதிக்கிற கறியில எனக்க கைய முக்கினாரு சாரே... மாப்பிளைக்கும் மகளுக்கும் நாளைக்கே உறவ வெட்டி விடுதேன்னாரு."

"மாமி... பறயாதீங்க மாமி..." அபிலாஷ் அழுதான்.

"நீ சும்மா இரி மக்கா. சாவிய ஒளிச்சு வைக்க நேத்து இவன்தான் எனக்கிட்ட தந்தான். இன்னைக்கு அவரு காருக்குள்ள குனிஞ்சு, இன்னும் எங்கெல்லாம் மீன் வச்சிருக்கன்னு மோந்துக்கிட்டு கெடந்தாரு. கதவச் சாத்தினேன். இந்தத் தம்பி சொல்லித் தந்த மாதிரி ரெண்டு தடவ அமுக்கினேன். கொறச்சு நேரம் வேகட்டும்னுதான் நெனச்சேன்..."

"பிறகு?"

"ஒளிச்சு வச்ச கறி ரெண்டு துண்டு இருந்துது. சோறு போட்டு உண்டேன். பயமில்லாம, மெதுவா... முள்ளு எடுத்து எடுத்து. எழும்பி வந்து பாக்கும்போ எல்லாம் முடிஞ்சுட்டு சாரே."

பெனிட்டோ தலையைக் குனிந்து கொண்டான். தப்பித்தாயிற்று. ஆனால் சந்தோஷம் ஒரு துளிகூட வரவில்லை. அன்றைக்கே கார்ப்பெட்டைத் தூக்கியிருந்தால் ஹாரனாவது அடித்திருக்கும்... இந்த அம்மாவாவது மனசு மாறித் திறந்திருப்பாள்.

"பெனிட்டோ." இன்ஸ்பெக்டர் அபிலாஷின் விலங்கைக் கழற்றியபடி சொன்னார். "இனிமே எவன் கார்ல மீன் நாறினாலும் வாயத் தொறந்து சொல்லு. நாறுறது நீ இல்லடே."

பெனிட்டோ ஸ்கேனரைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தான்.

பெண் போலீஸ் வந்தது. ஓமனா ஜீப்பில் ஏற ஒரு காலைத் தூக்கி வைத்தவள், என்னவோ ஞாபகம் வந்தவள் போலத் திரும்பினாள்.

"இன்னும் என்னம்மா?" என்றார் சுயம்புராஜ்.

"ஒண்ணுமில்ல சாரே... ஒங்க செயில்ல சைவமா, அசைவமா?"