தும்பி கேட்ட கேள்வி

ரூத்துக்குக் கம்ப்யூட்டரில் கறுப்புத் திரை வேண்டும். அவ்வளவுதான் ஆசை. அந்த ஆசைதான் சோலைச்சாமி தாத்தாவின் ஒரு வருஷத்தைத் தின்றது.

திருச்சுழி தாலுகா ஆபீசுக்கு எதிரே அவள் அம்மா சுஜிதா கடை வைத்திருந்தார். மனு தட்டச்சு செய்து கொடுக்கும் கடை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், உட்கார்ந்தால் ஆடும் இரண்டு நாற்காலிகள். ஆறாம் வகுப்பு முடிந்து விடுமுறை என்பதால் ரூத்தும் அங்கேதான் இருந்தாள்.

மனு அடிக்கும் செயலியின் படம் ஒரு மஞ்சள் தும்பி. அதனால் அதற்குப் பெயரே தும்பி ஆகிவிட்டது. தும்பியை யாரும் விற்கவில்லை. பல நாடுகளில் இருக்கும் ஆட்கள் ஓய்வு நேரத்தில் சேர்ந்து செய்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தார்கள். அதன் சிறப்பு, சேமிக்காமல் மூடினாலும் மறுபடி திறக்கும்போது எல்லாப் பக்கங்களும் அப்படியே வந்து நிற்கும். அதனால் அம்மா எதையும் சேமிப்பதே இல்லை. பக்கத்தின் தலையில் ஊர்ப் பெயரை அடித்துவிட்டு, ஆள் மறுபடி வரும்வரை அப்படியே திறந்து வைத்திருப்பார்.

அந்த வியாழக்கிழமை சோலைச்சாமி தாத்தா ஒரு மணி நேரம் உட்கார்ந்து மனு சொன்னார். அவருடைய நிலம் வேறொருவர் பெயரில் பதிவாகியிருந்தது. மறுநாள் அவருடைய ஊருக்கு ஜமாபந்தி. வருஷத்துக்கு ஒருமுறை பெரிய அதிகாரி வந்து, கணக்குப் பார்த்து, நேரில் மனு வாங்கும் நாள் அது. மற்ற நாளிலும் மனு கொடுக்கலாம். ஆனால் அது மேசை மேசையாக ஊர்ந்துகொண்டே இருக்கும்.

"பத்திரத்தைக் கரையான் தின்னுருச்சு தாயி. நம்பரு மட்டும் இந்தச் சீட்டுல இருக்கு" என்றார் தாத்தா.

அம்மா எண்ணைப் பார்த்து அடித்தார்.

"ஏத்தியாச்சா?"

"ஏத்தியாச்சு அண்ணாச்சி."

தாத்தா அந்தக் கிழிந்த சீட்டைக் குப்பைக் கூடையில் போட்டார். பிரிண்டரில் மை தீர்ந்திருந்தது. "காலையில மொத பஸ்ஸுக்கு வாரேன், எடுத்து வையி" என்று சொல்லிவிட்டுப் போனார். மை வாங்க அம்மா அருப்புக்கோட்டைக்கு பஸ் ஏறினார். போகும்போது கடையைக் கூட்டிக் குப்பையைக் கொளுத்திவிட்டுப் போனார். சுத்தத்தில் அம்மாவை மிஞ்ச ஆளில்லை.

ரூத் தனியாக இருந்தாள். புதிய தும்பி வந்திருக்கிறது, கறுப்புத் திரையோடு, என்று ஒரு அறிவிப்பு எட்டிப் பார்த்தது. அழுத்தினாள். பாதியில் ஒரு சின்னப் பெட்டி ஆங்கிலத்தில் ஏதோ கேட்டது. ஆங்கிலத்தில் எது கேட்டாலும் 'யெஸ்' அழுத்துவது அந்தக் கடையின் வழக்கம். அம்மாவும் அப்படித்தான் செய்வார். ரூத்தும் அழுத்தினாள்.

திரை அழகாகக் கறுத்தது. அதில் ஒரு பக்கம்கூட இல்லை. இருபத்து மூன்று மனுக்களும் போயிருந்தன.

மறுநாள் காலை அம்மா கம்ப்யூட்டரைத் திட்டிய திட்டில் வெளியே ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்தார். ரூத் பக்கத்தில் நின்று தலையாட்டினாள். நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.

"கொஞ்சம் தேடிப் பாரு தாயி" என்றார் சோலைச்சாமி தாத்தா.

"அழிஞ்சா அழிஞ்சதுதான் அண்ணாச்சி. இந்தச் சனியன் தானா என்னமோ பண்ணிருச்சு. உக்காருங்க, மறுபடி அடிச்சுத் தாரேன்."

எல்லாம் அவருக்கு ஞாபகம் இருந்தது, அந்த எண்ணைத் தவிர. பத்திர ஆபீஸில் தேடி எடுக்க நாளாகும். எண் இல்லாத மனுவோடு தாத்தா ரோட்டைக் கடந்து போனார். எண் இல்லாமல் அங்கே வாங்கவில்லை; ஒரு மணி நேரத்தில் அதே மனுவோடு திரும்பி வந்தார். மனுவைக் காட்டவில்லை, நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். பஸ் வரும்வரை எதிரே வேப்பமரத்தடியில் நின்றார். ரூத் அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

அன்று மத்தியானம் தும்பியைச் செய்தவர்களுக்கு அவள் கடிதம் எழுதினாள். குறை சொல்ல அவர்கள் இணையத்தில் ஒரு பக்கம் வைத்திருந்தார்கள். ஒருவர் தும்பியை நீலமாக்கச் சொல்லியிருந்தார். நீலம் வேண்டவே வேண்டாம் என்று பன்னிரண்டு பேர் அவரோடு சண்டை போட்டிருந்தார்கள். அதன் கீழே ரூத் தமிழில் எழுதினாள்: "உங்கள் தும்பி எங்கள் மனுக்களைத் தின்றுவிட்டது. நீங்கள் மோசமானவர்கள்."

மூன்றாம் நாள், தும்பியைச் செய்பவர்களில் ஒருவரான ஆனா என்ற பெண்ணிடமிருந்து பதில் வந்தது. ரூத் அதை அம்மாவின் போனில் தமிழாக்கிப் படித்தாள்.

"மிகவும் வருந்துகிறேன். எங்கே தவறு என்று கண்டுபிடிக்க வேண்டும். புதிய தும்பியைப் போடும்போது ஏதாவது கேட்டதா? நீங்கள் என்ன அழுத்தினீர்கள்?"

ரூத் போனை மூடினாள். திறந்தாள். மறுபடி மூடினாள். உண்மையைச் சொல்லாவிட்டால் இன்னொரு ஊரில் இன்னொரு தாத்தாவின் மனுவும் போகும் என்பது அவளுக்குப் புரிந்தது. ஆனாவுக்குச் சொல்வதென்றால் அதற்கு முன் அம்மாவுக்குச் சொல்ல வேண்டும்.

"அம்மா, அன்னைக்கு அது தானா அழியல. நான்தான் யெஸ் அழுத்துனேன்."

அம்மா அடித்துக்கொண்டிருந்த கையை எடுத்தார்.

"அந்தக் கம்ப்யூட்டர எத்தனை திட்டு திட்டுனேன். நீயும் பக்கத்துல நின்னு தலையாட்டுன."

"பயமா இருந்துச்சும்மா."

"அண்ணாச்சி அங்கன வேப்பமரத்தடியில நின்னதப் பாத்தேல்ல?"

அம்மா தட்டச்சுக்குத் திரும்பினார். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும் என்று ரூத் நினைத்தாள்.

ஆனாவுக்கு அவள் எழுதினாள்: "கேட்டது. நான் படிக்காமல் யெஸ் அழுத்தினேன். படித்திருந்தாலும் பாதிதான் புரிந்திருக்கும். எங்கள் கடையில் ஆங்கிலத்தில் எது கேட்டாலும் யெஸ்தான். மோசமானவர்கள் என்று சொன்னதற்கு மன்னிக்கவும்."

பதில் அன்றே வந்தது. "அழிந்ததை எங்களாலும் மீட்க முடியாது. ஆனால் பெட்டியை மாற்றுகிறோம். இனி அது முதலில் 'வேண்டாம்' என்பதைத்தான் காட்டும். தமிழில் கேட்க ஒரு வாக்கியம் எங்களிடம் இருக்கிறது. சரியா, பாருங்கள்."

அந்த வாக்கியம் இப்படி இருந்தது: "தங்களது முந்தைய அமர்வினை நீக்கம் செய்ய விழைகிறீர்களா? இச்செயல் மீளப்பெறத்தக்கதன்று."

ரூத் இரண்டு முறை படித்தாள். இதற்கும் தன் கடை ஆட்கள் யெஸ் அழுத்திவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள் என்று தோன்றியது. அதை நீக்கிவிட்டு வேறொன்று எழுதி அனுப்பினாள்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை சோலைச்சாமி தாத்தா வந்தார். பத்திர ஆபீஸிலிருந்து நகல் கிடைத்திருந்தது. ரூத் அவர் முன்னால் போய் நின்றாள்.

"தாத்தா, அன்னைக்கு அழிச்சது நான்தான்."

"தெரியும். உங்கம்மா சொல்லிட்டா."

"கோவமா?"

"கோவமில்லாம இருக்குமா பாப்பா? நாலு பஸ்ஸு மாறி அலைஞ்சவன் நான்."

ரூத் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் எழுந்து போய்விடவில்லை. ஆடும் நாற்காலியில் உட்கார்ந்து மனுவைச் சொல்லத் தொடங்கினார்.

அம்மா அடித்து முடிக்கும் நேரத்தில் புதிய தும்பி வந்து நின்றது. கூடவே அந்தப் பெட்டியும். அம்மாவின் விரல் வழக்கம்போல யெஸ்ஸைத் தேடிப் போய், பாதியில் நின்றது. திரையில் தமிழ் இருந்தது.

"அழித்தால் அழிந்ததுதான். பழைய பக்கங்களை அழிக்கலாமா?"

அம்மா ரூத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"என்ன தாயி கேக்குது?" என்றார் தாத்தா.

"அழிக்கவான்னு கேக்குது அண்ணாச்சி."

"வேண்டாம்னு சொல்லு."

அம்மா நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி ரூத்துக்கு இடம்விட்டார். ரூத் இன்னொரு முறை முழுதும் படித்துவிட்டு 'வேண்டாம்' என்பதை அழுத்தினாள்.

பக்கம் அப்படியே இருந்தது. அம்மா அதை அப்போதே சேமித்து, அப்போதே அச்செடுத்து, தாத்தா கையில் கொடுத்தார். அவர் எண்ணை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். பத்திர நகலைப் பத்திரமாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அந்த மனுவை நேரில் கொடுக்க, அடுத்த ஜமாபந்திக்கு இன்னும் ஒன்பது மாதம் இருந்தது.