கணுக்கால் உயரத்தில் ஒரு பொட்டு

மோகன்ராஜுக்கு,

'அண்ணா' என்று எழுதக் கை வரவில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

ஞாயிறு காலை பத்தரைக்கு முடிச்சூர் வீட்டைத் திறந்தேன். வியாழக்கிழமை பத்திரப் பதிவு, அதற்குள் ஜெயாவின் அறையை ஒழித்துவிடச் சொல்லியிருந்தாய். பக்கத்து வீட்டு மெஹர் பானு அக்கா துணைக்கு வந்தார். அந்த அறைக்கு மட்டும் வெளிப்பக்கம் தாழ்ப்பாள். நம் தங்கையிடம் போன் பிடிபட்ட வாரம் நீ வைத்தது.

வெளியே நல்ல வெயில். உள்ளே ஏரித் தண்ணீர் வாடை.

காம்பஸ் பாக்ஸ், சேறு காய்ந்த ரிப்பன், மூடியில் பேர் வெட்டிய டிபன் பாக்ஸ். பதினேழு வயதும் ஒரே அட்டைப் பெட்டியில் அடங்கிவிட்டது. பள்ளிக்கூடப் பை மட்டும் கதவையொட்டிய ஆணியிலேயே தொங்கியது.

"பைய எடுக்கத் திரும்பி உள்ள போனா, வெள்ளத்துல மாட்டிக்கினா." 2015-இல் நீ சொன்னது. ஆஸ்பத்திரியில் அப்பாவின் கட்டிலருகே அம்மாவும் நானும் அதை நம்பினோம்.

பீரோவுக்குப் பக்கத்துச் சுவரைத் துடைத்தேன். தூசிக்கு அடியில் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டுகள். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறந்தநாள்தோறும் உச்சந்தலை உயரத்தில் ஆளுக்கொரு பொட்டு ஒட்டிக்கொள்வோமே, அதுதான் என்று நினைத்தேன்.

"இன்னாம்மா இது, கணுக்கால்ல ஆரம்பிக்குது?" என்றார் அக்கா.

பிறந்த குழந்தைகூட அதைவிட உயரம்.

கணுக்கால். முட்டி. இடுப்பு. கழுத்து.

கடைசிப் பொட்டு கூரையை ஒட்டி இருந்தது. பீரோ மேல் ஏறி நின்றுதான் ஒட்டியிருக்க வேண்டும்.

அவள் அளந்தது தன் உயரத்தை இல்லை. பை எடுக்கப் போனவளுக்குத் தண்ணீர் ஏறுவதை அளக்க ஏது நேரம்?

அக்கா என் காதருகே வந்தார். "படகுல ஏறச்சே உங்கண்ணன கேட்டேன்மா, ஜெயா எங்கடான்னு. 'காலைலயே சரிதா வூட்டுக்குப் போயிட்டா'ன்னான். அப்பறம் திரும்பி வந்திருப்பாளோன்னு நானும் விட்டுட்டேன், பாவி."

நாற்காலி போட்டு ஏறி அந்தக் கடைசிப் பொட்டைத் தொட்டேன்.

பசை ஈரமாக இருந்தது. பத்து வருஷத்துப் பசை.

இருவரும் வெளியே வந்து கதவைச் சாத்தினோம்.

உள்ளேயிருந்து தட்டும் சத்தம்.

மூன்று முறை. அவசரமில்லாமல்.

அக்கா ஏதோ ஓதிக்கொண்டே என் கையை இறுக்கிப் பிடித்தார். எனக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் பெரிதாக இருந்தது. திருப்புளி எடுத்துத் தாழ்ப்பாளைக் கழற்றினேன். கதவை அகலத் திறந்து வைத்தேன்.

"போ ஜெயா. எங்க போணுமோ போ."

பத்திரத்தில் கையெழுத்துப் போட மாட்டேன். தாழ்ப்பாளை இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். உன் ஃப்ளாட் மூன்றாவது மாடி. அங்கே தண்ணீர் வராது என்றுதானே வாங்கினாய்?

திங்கட்கிழமை உன் மனைவி போன் செய்தார். பெட்ரூம் சுவரில், கணுக்கால் உயரத்தில், ஒரு ஸ்டிக்கர் பொட்டாம். அண்ணி ஒட்டவில்லையாம். செவ்வாய்க்கிழமை முட்டி உயரத்தில் இன்னொன்று.

இதை எழுதும்போதே மறுபடியும் அண்ணி.

"சரிதா, இன்னைக்கு இடுப்பு உயரத்துல. உங்கண்ணன் விடிகாலைல உள்ளேர்ந்து கதவ தட்டிக்கிட்டே இருந்தாரு. திறக்கவே வரலன்னு ஒரே கத்தல். அந்தக் கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாளே கிடையாதே, சரிதா."