மாவு டிரம்மின் எடை

தினமும் கஞ்சி காய்ச்சியும் டிரம்மில் மாவு குறையவில்லை. கூடியிருந்தது.

முதலில் அவன் சந்தேகப்பட்டது கம்ப்யூட்டரில் தானே எழுதி வைத்திருந்த மேக்ரோவைத்தான். சோப்பிலிருந்து ஊசி வரை வீட்டிலுள்ள அத்தனையையும் எக்செல் ஷீட்டில் ஏற்றி, பட்டனை அமுக்கினால் எது தீரப்போகிறது என்று காட்டும்படி எழுதியிருந்தான். மாவு டிரம்முக்கு அடியில் ஒரு எடை மெஷின். எண் தானாகவே ஷீட்டுக்கு வந்துவிடும். ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவைக் கூட்டி வந்த பிறகு அவள் எடைக்கும் ஒரு பத்தி போட்டான். இன்னும் இளைத்தால் உடனே திரும்ப அழைத்து வரச் சொல்லியிருந்தார் டாக்டர்.

"டேய் கணக்கப்பிள்ளை, என்னை எந்த மெஷின்ல வேணா ஏத்து. அங்க மட்டும் திரும்ப அனுப்பிடாதடா."

"அனுப்ப மாட்டேன்க்கா. சத்தியமா."

அந்தச் சத்தியம்தான் வினை. இரண்டு பத்தியிலும் எண்கள் ஏறுக்குமாறாக வந்தபோது, மெஷின் உளறுகிறது என்று தனக்குத்தானே தீர்ப்பு சொல்லிக்கொண்டு, நம்ப முடியாத எடை வந்தால் பழைய எடையையே காட்டும்படி மேக்ரோவில் ஒரு வரி சேர்த்துவிட்டான். ஷீட் முழுக்கப் பச்சை. காலையில் மெஷினில் நிறுத்த அவளைத் தூக்கினால் காலி கோணிப்பையைத் தூக்குவது போலிருந்தது. ஆனாலும் ஷீட் சரி என்றது, அவன் ஷீட்டை நம்பினான்.

மூக்குதான் நம்பவில்லை. சமையலறைக்குள் நுழைந்தாலே ஈரத்துணிக்குள் நாளெல்லாம் கட்டி வைத்த அக்குள் போல, காய்ச்சல்காரரின் தலையணை போல, புளித்த ஏதோ ஒரு வெதுவெதுப்பு தொண்டையில் வந்து ஒட்டிக்கொள்ளும். கஞ்சியைக் கரண்டியால் தூக்கினால் எச்சில் போல நூல் நூலாக இழுக்கும்.

"என்னடா நாத்தம்? எலி எதாவது செத்துக் கெடக்கா?"

"உன் வாய்தான்க்கா. பல்லு வெளக்கு முதல்ல."

சிரித்தாள். தாடை மச்சம் சுருங்கி விரிந்தது. கஞ்சியில் கிடந்த நீள முடியை அவன் விரலால் எடுத்துப் போட்டுவிட்டு, உப்பு பார்க்க வழக்கம்போல ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் அவளுக்கு ஊட்டினான்.

இன்று மழை இருட்டிய மதியம். சும்மா இருக்கக் கை வராமல் மேக்ரோவைச் சுத்தம் செய்யப்போனவன், அந்த ஒரு வரியை நீக்கிவிட்டுப் பட்டனை அமுக்கினான். நிஜ எண்கள் வந்து விழுந்தன. அக்கா பத்தியில் குறைந்ததெல்லாம் டிரம் பத்தியில் கூடியிருந்தது. நாளுக்கு நாள். கிராம் பிசகாமல்.

"அக்கா?"

கூப்பிட்டுக்கொண்டே எழுந்தான்.

சமையலறைக்குப் போனான். டிரம் மூடியில் கை வைத்தான். வெதுவெதுப்பு.

திறந்தான்.

மாவு இல்லை. பிசைந்து ஊறவைத்தது போல ஒன்று, மடிப்பு மடிப்பாக, வியர்த்து, விளிம்பு வரை. மடிப்புகளுக்குள் முடி. நடுவில் கரண்டி அள்ளிய பள்ளம்; பள்ளத்தில் சீழ். அது ஏறியது. இறங்கியது. மூச்சு.

ஓரமாக ஒரு மச்சம்.

ஓடினான். அக்காவின் கட்டில். போர்வை தட்டையாகக் கிடந்தது. விலக்கினான். நைட்டி. அதற்குள், ஆறின கஞ்சியின் மேல் படியும் ஆடை போல, மெல்லிசாய், முகம் மாதிரி ஏதோ. காற்றில் சுருங்கியது.

நாக்கில் இன்னும் காலைக் கஞ்சியின் உப்பு.

"டேய்..."

சமையலறையிலிருந்து. அவள் குரல்தான். ஈரமாக.

"மூடிட்டுப் போடா. குளிருது."

திரும்பினான். திறந்த கதவு வழியே சமையலறை தெரிந்தது. இன்னும் நகம் முளைக்காத ஐந்து விரல்கள், டிரம் விளிம்பைத் தடவித் தடவி, மூடியைத் தேடிக்கொண்டிருந்தன.