தொட்டியைச் சுற்றிய பிள்ளைகள்

வடதுருவத்தை ஒட்டிய அந்த ஊரில் மத்தியானம் மூன்று மணிக்கே இருட்டிவிட்டது. டிசம்பர் சந்தையில் நின்று மாலின் என்பவள் அண்ணாந்து பார்த்தபோது, வாயுத் தொட்டியில் ஒரு பிள்ளையைக் காணவில்லை.

ஊர்ச் சாக்கடையிலும் எச்சில் சோற்றிலும் கிளம்பும் வாயுவைச் சேர்த்துவைக்கும் வட்டத் தொட்டி அது. சந்தைக்கு மேலே மேட்டில் வெள்ளைவெளேரென்று நிற்கும். அதன் அடிப்பக்கம் முழுக்க, வெறுங்காலோடு கைகோத்து நிற்கும் கோடைக்காலப் பிள்ளைகளை நிஜ உயரத்திலேயே வரைந்திருந்தார்கள். இன்று அந்த வரிசையில் ஓரிடம் காலியாக இருந்தது. இந்தக் குளிரில் எவன் பெயிண்டைச் சுரண்டினானோ என்று எண்ணியபடியே, வாங்கிய குங்குமப்பூ ரொட்டியோடு திரும்பினாள். பக்கத்தில் நின்ற ஏழு வயது மகன் வில்கோத் இல்லை.

சுற்றுமுற்றும் தேடினாள். கூட்டத்தில் தொலைந்தால் அழாதே, தொட்டியடியில் போய் நில், அம்மா வந்துவிடுவேன் என்பது அந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் சொல்லிவைத்த பாடம். மாலின் மேட்டை நோக்கி ஓடினாள்.

“என் பையன் வந்தானா, ஸ்டூரே?” என்று கேட்டாள், தொட்டி வளாகத்தின் வாசலில் நின்ற காவல்காரரிடம்.

“இப்பத்தாம்மா உள்ள போனான். கூட இன்னொரு வாண்டு. எங்க போயிடப் போறான், பதறாம போ. எனக்கு ஒரு ரொட்டி வச்சிட்டுப் போ!”

உள்ளே விளக்கு வெளிச்சத்தில் பனி சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. அழுகிய முட்டை வாடை லேசாக மூக்கில் ஏறியது. அவள் காலடியில் பனி நொறுங்கும் சத்தத்தைத் தவிர, கீழே அத்தனை பேர் இரைந்துகொண்டிருந்த சந்தையின் சத்தம்கூட அங்கே எட்டவில்லை.

“டேய், வில்கோத்!”

“இங்க இருக்கேம்மா.”

தொட்டிக்கு அந்தப் பக்கம். அப்பாடா என்று சுற்றிப் போனாள். யாருமில்லை. காலியான இடத்துக்கு நேர்க் கீழே, சுவரை ஒட்டி, பனியில் சின்னப் பாதச் சுவடுகள். வெறும் பாதங்கள். சுவரிலிருந்து வெளியே வந்திருந்தன. சுவரை நோக்கிப் போன சுவடு ஒன்றுகூட இல்லை.

“விளையாடாதடா. அம்மாவுக்குப் பயமா இருக்கு.”

“இங்க இருக்கேம்மா.”

மறுபடி அந்தப் பக்கம். மறுபடி சுற்றினாள். இப்போது வரிசையில் பல இடங்கள் காலி. அவளுடைய பூட்ஸ் தடங்களின் மேலேயே வெறுங்கால் தடங்கள். பின்னாலேயே வந்திருக்கிறார்கள்.

“இங்க இருக்கேம்மா.” இது வேறு குரல். “இங்க இருக்கேம்மா.” இது ஒரு பெண்பிள்ளை.

ஓடினாள். வெள்ளைச் சுவர். வெறும் சுவர். ஒரு பிள்ளையும் இல்லை.

ஒருவன் மட்டும் இருந்தான்.

குளிர்க்கோட்டு. விழுந்த முன்பல். இரண்டு கைகளையும் இரண்டு பக்கமும் நீட்டியபடி, பிடிக்க ஆளில்லாமல். அவள் பெற்ற முகம். கன்னத்தைத் தொட்டாள். பெயிண்ட் விரலில் ஒட்டியது. ஈரம் காயவில்லை.

பின்னால் பனி நொறுங்கியது. நாலா பக்கமும். ஐஸ் போன்ற சின்ன விரல்கள் அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டன.

“வீட்டுக்குப் போலாம்மா” என்றார்கள் எல்லோரும்.

சுவரில் வில்கோத்தின் வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துகொண்டிருந்தது.