இல்லாத பாதத்தின் வலி

பாலாற்று மணல்திட்டுகளில் அந்திச் செம்மை கரைந்துகொண்டிருக்க, கீழ்வானில் எழுந்த முழுநிலவு அக்கரைப் பகைவரின் நெருப்புகளையும் இக்கரைச் சோழப் பாசறையின் கூடாரங்களையும் ஒரே வெள்ளியால் மெழுகிற்று. அந்த அழகைக் காணும் நிலையில் மருத்துவ நங்கை குஞ்சரமல்லி இல்லை, அன்பு வாசகர்களே! முதற்சாம முரசு முழங்கும்போது ஒருவன் தலை உருளப்போகிறது. அதற்குக் காரணம் அவள் நாக்கு.

குத்தலா, குடைச்சலா, எரிச்சலா என்று கேட்டே மருந்து கொடுப்பவள் அவள். பிடிப்புக்கு வெந்நீர் ஒத்தடம், எரிச்சலுக்குக் குளிர்ந்த பற்று, முறிவுக்கு மூங்கில் பத்தை. அப்படிப்பட்டவள், முழங்காலுக்குக் கீழே கால் துணிக்கப்பட்ட வீரன் காரிக்கண்டன் "பாதம் வலிக்கிறது" என்றபோது மட்டும் சிரித்தாள். "இல்லாத பாதம் எப்படி ஐயா வலிக்கும்? பொய்!" அவனை ஒற்றனென ஐயுற்றிருந்த சேனாபதிக்கு அந்தச் சொல்லே போதும். வலியிலேயே பொய் சொல்பவன் வேறெதில் மெய் சொல்வான்?

இன்று மாலை, கை இழந்த யானைப்பாகன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "சிரிக்காதீங்க தாயே. போன கையோட உள்ளங்கை அரிக்குது. எங்க சொறியறது?"

"முன்பே சொல்வதற்கென்ன?"

"அந்தக் கால் போனவரப் பாத்துச் சிரிச்சீங்களே!"

அப்படியானால் காரிக்கண்டன் சொன்னதும் மெய்! சேனாபதியிடம் ஓடினாள். தீர்ப்புத் தீர்ப்புதான் என்று விரட்டிவிட்டார். நேரே சிறைக்கூடாரத்துக்குள் நுழைந்தாள். மருத்துவச்சியைக் காவலர் தடுக்கவில்லை.

"மிச்சச் சிரிப்பையும் சிரிக்க வந்தீரோ, நங்கையே?" என்றான் காரிக்கண்டன்.

"கேட்க வந்தேன். எப்படி வலிக்கிறது?"

"விரல்கள் மடங்கி இறுகிக் கிடக்கின்றன. விரிக்கலாமென்றால் விரல் எங்கே?"

சற்று யோசித்தவள், இடுப்பிலிருந்த வெண்கலக் கண்ணாடியை உருவி அவன் கால்களுக்கு நடுவே நிறுத்தினாள். நல்ல பாதத்தின் சாயல், போன பாதம் இருந்த இடத்தில் தெரிந்தது.

"அதையே பாரும். விரல்களை மடக்கும். இனி மெல்ல விரித்துப் பாரும்."

பலமுறை மடக்கி விரித்தான். இறுகிய தாடை தளர்ந்தது. கண்ணீர் தாடிக்குள் இறங்கியது.

"விரிந்துவிட்டது, நங்கையே!"

"மெய் சொன்னவரைப் பொய்யரென்றேன். ஒற்றரென்ற பழியும் என்னால் வந்தது."

அவன் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வலி மெய். ஒற்றன் என்பதும் மெய். நான் அக்கரையான். உம்மிடம் மட்டும் பொய் வரமாட்டேன் என்கிறது."

கூவினால் காவலர் வருவர், கூவுவதுதான் நியாயமும். ஆனால் இவனைக் கொல்லப்போவது இவன் செய்த ஒற்று அல்ல, அவளுடைய சிரிப்பு! கத்தியெடுத்து அவன் கைகளைக் கட்டிய கயிற்றையும், கூடாரத்தின் பின்துணியையும் அறுத்தாள்.

"பின்னால் துணி அலசும் துறையில் பரிசல் கிடக்கிறது. என் தோளைப் பிடியும்."

"உமக்கு?"

"அது என் பாடு."

நிலவொளியில் பரிசல் புள்ளியாகித் தேய்ந்தபோது முரசு முழங்கிற்று. தீவட்டியோடு வந்த சேனாபதி உறுமினார்: "எங்கே அவன்?"

"நான்தான் அனுப்பினேன்."

"பாவி! அவன் கொண்டுபோகும் சேதியால் நம்மவர் எத்தனை பேர் சாவார்கள், தெரியுமா?"

குஞ்சரமல்லியின் தலை நிமிரவில்லை. பாகனின் முகம் கண்முன் வந்து நின்றது.

"தெரியாது. தண்டனை எதுவானாலும் தாருங்கள். நாக்கை மட்டும் விட்டுவையுங்கள். வலிக்கிறது என்பவனைப் பார்த்து இனி இந்த நாக்கு பொய்யென்று சொல்லாது. பாலாற்றின் மீது ஆணை!"