மீன்பெட்டி மூடி

ஜானட்டின் அப்பா யேசுதாஸ் விசைப்படகில் கடலுக்குப் போய்ப் பதினாறு நாளாகிறது. நடுக்கடலில் போனுக்கு டவர் கிடையாது. குரல்கூடக் கேட்க முடியாது.

அதனால்தான் பள்ளிக் குறும்படத்தில் நடிக்க ஆசைப்பட்டாள். காசிமேட்டில் அப்பாவின் படகுக்காகக் காத்திருக்கும் சிறுமியின் கதை அது. தன் முகம் அதில் இருந்தால், அடுத்த முறை அப்பா படத்தைப் போனில் ஏற்றிக்கொண்டு போவார். நினைத்தபோது பார்ப்பார்.

வேடம் கூடப் படிக்கும் மெஹ்னாஸுக்குப் போய்விட்டது. மெஹ்னாஸின் அப்பா தெருமுனையில் டீக்கடை வைத்திருக்கிறார். தினமும் ராத்திரி வீட்டுக்கு வந்துவிடுவார்.

"நீ லைட்டு பாத்துக்க," என்று ஜானட்டிடம் சொல்லிவிட்டான் எட்டாம் வகுப்பு வெற்றி. இயக்குநரும் அவன்தான், கேமராமேனும் அவன்தான். கேமரா, அவன் அக்காவின் போன்.

கடைசிக் காட்சி. மாலை ஐந்து மணி. கடலோரப் பாறைமேல் மெஹ்னாஸ் கடலைப் பார்த்து நின்றாள். வெற்றி கீழ்ப் பாறையில் கடலுக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுத்தான். சூரியன் மெஹ்னாஸுக்குப் பின்னால், ஊர்ப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. போனில் அவள் முகம் கரிச்சட்டி மாதிரி தெரிந்தது.

ஜானட் வீட்டிலிருந்து கொண்டுவந்த கண்ணாடியால் வெயிலைத் திருப்பினாள். மெஹ்னாஸ் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"கூசுது ஜானட். நா இன்னா மீனா, வறுத்துகினு கீற?"

"கண்ண மூடிக்கினா படகு எப்டி தெரியும்?" என்றான் வெற்றி. "வெயில் பூடும். நாளைக்கு அக்கா போன் தராது."

மூன்று முறை எடுத்தும் சரிவரவில்லை. மெஹ்னாஸுக்கு அழுகை வந்துவிட்டது.

"என்னால முடியாது. நீயே நடி ஜானட்."

சரி என்ற வார்த்தை ஜானட்டின் நாக்கு நுனிவரை வந்தது. மெஹ்னாஸ் துப்பட்டாவால் மூக்கைத் துடைத்தாள்.

"முன்னாடி எடுத்ததெல்லாம் இன்னா ஆவுறது?" என்றாள் ஜானட். "இரு, வரேன்."

அப்பா மீன் இறக்கும்போது அவரைச் சுற்றி வெள்ளைத் தெர்மாகோல் பெட்டிகள் அடுக்கியிருக்கும். அந்த இடத்தில் மட்டும் அவர் முகம் பளிச்சென்று இருக்கும். ஜானட் ஐஸ் உடைக்கும் இடத்துக்கு ஓடினாள். ஒரு மீன்பெட்டி மூடியைக் கேட்டு வாங்கி, குழாயில் கழுவிக்கொண்டு வந்தாள்.

"நாத்தம் தாங்கல," என்றான் வெற்றி.

"நாத்தம் படத்துல தெரியாது வெற்றிண்ணா."

அவன் பக்கத்தில் நின்று மூடியை வெயிலுக்குக் காட்டினாள். மெஹ்னாஸின் முகம் தெளிந்தது. கண் கூசவில்லை.

"எங்க பாக்கணும்?" என்று கேட்டாள் மெஹ்னாஸ்.

ஜானட் திரும்பிக் கடலைப் பார்த்தாள்.

"தண்ணியப் பாக்காத. தூரத்துல கொடி தெரியுதான்னு பாரு. மஞ்சக் கொடி. அது எங்கப்பா படகு. வேற கலர்னா வுட்டுட்டு அடுத்தத பாரு."

மெஹ்னாஸ் தேடினாள். நிஜமாகவே தேடினாள்.

மீன் வாசனைக்கு இரண்டு பூனைகள் வந்தன. ஒன்று ஜானட்டின் முழங்காலில் நகத்தை ஊன்றி எழுந்தது. மூடி ஆடினால் மெஹ்னாஸின் முகத்தில் வெளிச்சமும் ஆடும். ஜானட் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். வெற்றி போனை அசைக்காமல், ஒரு காலால் மட்டும் பூனையை மெல்லத் தள்ளினான். கொக்கு மாதிரி நின்றபடியே, "முடிஞ்சிச்சி," என்றான்.

நான்கு நாள் கழித்து அப்பா வந்தார். குளித்ததும், வெற்றி அனுப்பியிருந்த படத்தைத் தன் போனில் பார்த்தார்.

"நீ எங்க கீற ஜானு?"

ஜானட் படத்தை நிறுத்தினாள். மெஹ்னாஸின் கண்ணை விரலால் பெரிதாக்கினாள். கருவிழிக்குள் வெள்ளையாக ஒரு சின்னச் சதுரம். அதன்மேல் எள்ளளவு கறுப்பு.

"அது மூடி. மேல கீறது என் தல."

அப்பா போனைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

திங்கட்கிழமை படகில் ஐஸ் ஏற்றினார்கள். கிளம்பும்போது அப்பா சட்டைப் பையிலிருந்த போனைத் தட்டிக் காட்டினார்.

"டவர் இல்லன்னாலும் இது ஓடும்ல?"

"ஓடும்ப்பா. நிறுத்திப் பெருசு பண்ணிப் பாக்கணும்."

"எனுக்குத் தெரியும், போ," என்றார் அப்பா.