நாலு மணிக் குரல்

புதன்கிழமை காலை. வெளியூரிலிருந்து திரும்பிய மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரின் கண்ணில் முதலில் பட்டது ஜன்னல். அவர் சாத்திவிட்டுப் போன ஜன்னல் விரியத் திறந்து கிடந்தது. அடுத்தது அலமாரி. அதற்குள்தான் தம்பி பாகம் பாகமாக வாங்கிவந்து பொருத்திக் கொடுத்த கம்ப்யூட்டர் இருந்தது. பச்சை விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது. பக்கத்துத் தகடு மட்டும் கழன்று சுவரில் சாய்ந்திருந்தது. ஹார்ட் டிஸ்க் இருக்க வேண்டிய இடம் காலி.

காணாமல் போனது வெறும் டிஸ்க் என்றால் மனிதர் கவலைப்பட்டிருக்க மாட்டார். இறந்துபோன மனைவியின் வீடியோக்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. அவற்றை எடுத்த பழைய போன்களைக்கூட, உள்ளே இருந்ததை அழித்துவிட்டு யாருக்கோ கொடுத்தாகிவிட்டது. அவள் இருந்தவரை வேலையிலிருந்து வீடு திரும்பிய நாலு மணிக்கு, தினமும் ஹால் டிவி தானாக எரிந்து ஏதாவது ஒரு வீடியோ ஓடும். தம்பி செய்து கொடுத்த ஏற்பாடு. அந்த நேரத்தை நம்பித்தான் அவர் மிச்சப் பொழுதை ஓட்டிக்கொண்டிருந்தார்.

செய்தி தெரிந்து தம்பியும் கொழுந்தியாளும் வந்துசேர்ந்தார்கள். மதியம் எதிர்வீட்டு இன்ஸ்பெக்டர் அம்மா வந்தார். ஸ்டேஷனில் அவருக்கு 'ஊசி' என்று பட்டப்பெயர். நேரில் சொல்ல யாருக்கும் துணிச்சல் இல்லை.

"சாவி யார் யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்ட, தம்பிகிட்ட, கொழுந்தியாகிட்ட."

சோபாவில் இருந்த கொழுந்தியாளுக்குச் சுருக்கென்றது. "நான்தான்னு நேராவே சொல்லிடுங்க அத்தான். அக்கா வீடியோவுல ஒரு காப்பி கேட்டேன், தரல. சண்டை போட்டேன். அதுக்காகத் திருடுவேனா?"

ஊசி ஜன்னல் விளிம்பில் விரலை இழுத்தார். விரலில் தூசு அப்பியது. "எத்தனை டிஸ்க் இருந்துச்சு?"

"ரெண்டு மேடம்" என்றான் தம்பி. "ஒண்ணு போனாலும் இன்னொண்ணு இருக்கட்டும்னு அண்ணன் கேட்டாரு. ரெண்டையும் தூக்கிட்டான்."

"சமீபத்துல வேற ஏதாவது வித்தியாசமா நடந்துச்சா?"

கடைக்காரர் தயங்கினார். "சிரிக்காதீங்க மேடம். ஊருக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு வாரமா இந்த அலமாரிக்குள்ள யாரோ தட்டுற சத்தம். டக், டக்னு. திறந்து பாத்தா யாரும் இல்ல. அவதானோன்னு நெனச்சேன்."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"தம்பிகிட்ட சொன்னேன். எலியா இருக்கும்னான்."

ஊசி குனிந்து கம்ப்யூட்டருக்குள் பார்த்தார். ஒரு வயர் முனை அவிழ்ந்து தொங்கியது. இரண்டாவது டிஸ்க்குக்கான வயர், கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் கட்டோடு சுருண்டு மூலையில் கிடந்தது. அதை நிமிண்டிப் பார்த்துவிட்டுப் பிளக்கை நோக்கிக் கையை நீட்டினார்.

"அணைக்காதீங்க மேடம்" என்றான் தம்பி அவசரமாக. "கைரேகை போயிடும்."

ஊசி கையை இழுத்துக்கொண்டார்.

நாலு மணி அடித்தது. யாரும் தொடாமல் டிவி எரிந்தது. திரை முழுக்கக் கறுப்பு. அந்தக் கறுப்புக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

"போதும். அணைச்சிடுங்க."

கொழுந்தியாள் வாயைப் பொத்திக்கொண்டாள். வீட்டில் டிஸ்க்கே இல்லை, குரல் மட்டும் இருந்தது. சிறிது நேரம் விட்டு மறுபடியும் அதே குரல், அதே அமைதியில்.

"போதும். அணைச்சிடுங்க."

கடைக்காரர் எழுந்தார். "அவளே கேக்கறா. தினமும் கூப்பிட்டுக் கூப்பிட்டு அவளை நிம்மதியா இருக்க விடல நான்." தூக்கத்தில் நடப்பவரைப் போல அலமாரிக்குப் போய்ப் பிளக்கைப் பிடித்தார்.

தம்பி பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பற்றினான். "வேண்டாம்ணா. அதுவும் போயிடும்."

"எது போயிடும்?" என்றார் ஊசி. "எல்லாத்தையும் திருடன் தூக்கிட்டுப் போயிட்டான்னுதானே சொன்னீங்க?"

தம்பி பிடியை விடவில்லை.

"ஜன்னல் தூசு அப்படியே இருக்கு, அந்த வழியா யாரும் வரல. தட்டினது எலியும் இல்ல, உங்க மனைவியும் இல்ல சார். சாகப்போற டிஸ்க் அப்படித்தான் தட்டும். மெஷினைப் பொருத்திக் கொடுத்தவருக்கு அது தெரியாதா? ரெண்டாவது வயரைச் சுத்தின பிளாஸ்டிக் கட்டை யாரும் அவிழ்க்கவே இல்ல. அங்க டிஸ்க் இருந்ததே கிடையாது. ஆனா நான் முதல்ல கவனிச்சது பச்சை விளக்கு. டிஸ்க்கைக் கழட்டுறவன் கரண்ட்டை நிறுத்திட்டுத்தான் கழட்டுவான். இங்க நிறுத்தல. நான் அணைக்கப் போனா உங்க தம்பி கைரேகைங்கறார். மெஷினை அணைச்சா கைரேகை எங்க போகும்? அணைச்சா வேற ஏதோ அழியும்னு தெரிஞ்ச ஆள் இந்த வீட்டுல ஒருத்தர்தான்."

தம்பி பையிலிருந்து சட்டையில் சுற்றிய டிஸ்க்கை எடுத்தான். "நேத்து வந்து பாத்தேன், செத்துப்போயிருந்துச்சு. மூணு கடையில காட்டிட்டேன்ணா. தட்டுது, திறக்கல."

"அந்த ரெண்டாவது டிஸ்க்?" என்றாள் கொழுந்தியாள்.

"வாங்கவே இல்ல. அடுத்த வாரம், அடுத்த வாரம்னு இருந்துட்டேன். அண்ணன் கேட்டப்ப போட்டாச்சுன்னு சொல்லிட்டேன். அப்புறம் எந்த முகத்தோட சொல்றது? திருட்டுன்னு இருக்கட்டும்னு ஜன்னலைத் திறந்து வச்சேன்."

"அப்ப இந்தக் குரல்?" என்றார் கடைக்காரர்.

"டிவிக்கு அனுப்புறதுக்கு முன்னால மெஷின் ஒரு துண்டைத் தன் மெமரியில எடுத்து வச்சுக்கும், கரண்ட் இருக்கற வரைக்கும்தான் அது நிக்கும். கடைசியா ஓடின வீடியோவோட வால் மட்டும் அதுல நிக்குது. அணைச்சா அழிஞ்சிடும். அண்ணி குரல் இனிமே அவ்வளவுதான்ணா."

கடைக்காரர் பிளக்கை விட்டுவிட்டார். அந்த வீடியோ அவருக்கு ஞாபகம் வந்தது. பொழுது போகாத ஒரு நாள் போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டே இருந்தார். அவள் கையால் கேமராவை மூடிக்கொண்டு சொன்னது அது.

"புகார் எழுதணுமா சார்?" என்றார் ஊசி.

அவர் தம்பியைப் பார்த்தார். அறையலாம் போலிருந்தது. அழவும் வந்தது.

"அதைத் தனியா எடுக்க முடியுமாடா?"

"முடியும்ணா."

"ரெண்டு எடத்துல வை. என் கண்ணு முன்னாடி வை. ஒண்ணை இவகிட்ட குடு."

கொழுந்தியாள் அத்தானின் பக்கத்தில் வந்து நின்றாள். தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு கீபோர்டை இழுத்தான்.

"போதும்" என்றது டிவி. "அணைச்சிடுங்க."

யாரும் அணைக்கவில்லை.